அயற்கூற்றும் நாணயமும்

பெரியநீலாவணைக் கடற்கரையில் ஒருவர், “நாளை கடனைத் தருவேன்” என்கிறார். “‘நாளை தருவேன்’ எண்டு சொன்னார்” என அவர் வாக்கையே நாம் ஒப்புவிக்கின்றோம். ஏட்டில் “என்று” எனும் ஒரு சொல் போதும்.

ஆங்கில அயற்கூற்றிலோ ‘ஐ’ என்பது ‘ஹீ’ ஆகும். ‘வில்’, ‘வுட்’ ஆகும். ‘டுமாரோ’, ‘த நெக்ஸ்ட் டே’ ஆகும். ஒரு வாரஞ் சென்று எழுதும் மாணவன் ‘டுமாரோ’வை மாற்றாது விட்டால் தவணையே பிழைத்துவிடும்!

எனினும் அந்த ‘ஹீ’ சொன்னவரா, வேறொருவரா? ஆங்கிலத்தில் மயக்கமே. தமிழில் “தாம் தருவதாகச் சொன்னார்” என்றால் சொன்னவரே கொடுக்க வேண்டியவர், ஐயமில்லை.

மாணவர்களே, சொல்லுக்குச் சொல் பெயர்க்காதீர்கள். யார், யாரிடம், எப்போது சொன்னார் என முதலில் வினவுங்கள். பிறர் வாக்கைத் திரிக்காது உரைத்தல் இலக்கணம் மட்டுமன்று, நாணயமுமாகும்.