கம்பியில்லா வீடு – 9: பொறுமையில்லாதவர் திறந்த கதவு

போன வாரம் ரவுட்டரைப் பீரோ மேலிருந்து இறக்கி ஹாலுக்குக் கொண்டுவந்தோம். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நமக்கு 13 சானல்கள் உண்டு என்று சொல்லி நிறுத்தியிருந்தேன்.

எந்தச் சானலை வைப்பது என்பதுதான் இந்த வாரத்துக் கணக்கு. ஆனால் மூன்று நாளாக மனசு ஆஸ்திரேலியாவிலேயே நிற்கிறது. அங்கே போய்விட்டு வந்துவிடலாம்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பார்க்ஸ் என்ற ஊர். அங்கே 64 மீட்டர் அகலத் தட்டோடு ஒரு ரேடியோ தொலைநோக்கி. 1998-லிருந்து அதில் அவ்வப்போது ஒரு விசித்திரமான துடிப்பு பதிவாகிவந்தது. பார்த்தால், பல கோடி ஒளியாண்டு தள்ளியிருந்து வருவது போன்ற சாயல். ஆனால் தொலைநோக்கி வானைப் பார்க்கும் 13 திசைக்கற்றைகளிலும் ஒரே நேரத்தில் விழுந்தது. வானத்தில் ஒரு புள்ளியிலிருந்து வருவது அப்படி விழாது. இன்னொரு வேடிக்கை, இது பெரும்பாலும் ஆபீஸ் நேரத்தில்தான் வந்தது! 2011-இல் அதற்கு ‘பெரிட்டான்’ என்று பெயர் வைத்தார்கள். எழுத்தாளர் போர்ஹெஸின் கற்பனை உயிரிகள் புத்தகத்தில் வரும் சிறகு முளைத்த மான் அது. அதன் நிழல் மட்டும் மனித நிழலாக விழும். விஞ்ஞானிகளுக்கு இந்த அளவு குறும்பு இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

பிறகு அங்கே இரைச்சலைக் கண்காணிக்கப் புதுக் கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். 2015-இல் பெரிட்டான் வந்த அதே நொடியில் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் பலத்த சத்தம் இருப்பதை அது காட்டிக்கொடுத்தது. எமிலி பெட்ராஃப் என்ற இளம் ஆய்வாளரும் கூட்டாளிகளும் வளாகத்து மைக்ரோவேவ் அடுப்பைச் சந்தேகித்தார்கள். மணி அடிக்கும்வரை ஓடவிட்டார்கள், ஒன்றும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்தார்கள், வந்தது பெரிட்டான். சோறு சூடாகும்வரை பொறுக்காத யாரோ வெடுக்கென்று கதவைத் திறக்க, அடுப்பில் அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் அணையும் கணத்தில் தப்பித்த அலைதான் இத்தனை வருஷம் அவர்களை அலைக்கழித்திருக்கிறது.

இதில் இன்னொரு சுவாரசியம். அந்தத் தொலைநோக்கி சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்ற ஆஸ்திரேலிய அரசு ஆய்வு நிறுவனத்துடையது. வைஃபைக்கு அடிப்படையான காப்புரிமைகளில் ஒன்றை 90-களில் வாங்கியதும் அதே நிறுவனம்தான். அதை உருவாக்கிய குழுவின் ஜான் ஓ'சல்லிவன் அதற்கு முன் வெடிக்கும் குட்டிக் கருந்துளைகளைத் தேடிக்கொண்டிருந்தவர். கருந்துளை அகப்படவில்லை, வைஃபை அகப்பட்டது.

சரி, நம் சமையலறைக்கு வருவோம். மைக்ரோவேவ் அடுப்பு 2450 மெகாஹெர்ட்ஸை ஒட்டி வேலை செய்கிறது. அது 8, 9 சானல்களுக்கு நடுவே. ஒரே இடத்தில் நில்லாமல் இரண்டு பக்கமும் தள்ளாடும். 1-ஆம் சானலின் மையம் 2412. அதுதான் அடுப்பிலிருந்து தூரம். சாதாரண வீட்டு அடுப்பின் மேக்னட்ரான், 50 சுற்று மின்சாரத்தில் ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரம்தான் அலை வீசும். மீதி 10 மில்லிவிநாடியில் ரவுட்டர் கிடைத்த சந்தில் டேட்டாவைத் தள்ளிவிடுகிறது. பால் சூடாகும்போது வீடியோ கால் அடியோடு அறுந்துவிடாமல் திக்குவது அதனால்தான்.

சானல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் தூரம். ஆனால் ஒவ்வொன்றும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். அதனால் ஒன்றையொன்று இடிக்காமலிருக்க வழக்கமாக எடுப்பவை 1, 6, 11. எங்கள் அடுக்ககத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு ஆப்பில் பார்த்தேன்: 1-இல் நாலு, 6-இல் ஒன்பது, 11-இல் அஞ்சு ரவுட்டர்கள். 3-இல் ஒன்றே ஒன்று, கீழ்வீட்டு மாமாவுடையது.

“மூணுல யாருமே இல்லியே தம்பி, காலியா கெடக்கேன்னு வெச்சேன்” என்றார்.

அங்கேதான் தப்பு. ஒரே சானலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்றின் பேச்சை ஒன்று கேட்டு, முடிந்ததும் தம் முறைக்குப் பேசும். தண்ணீர்க் குழாயடி வரிசை மாதிரி. மூன்றாம் சானல்காரர் பேசுவது 1-க்கும் 6-க்கும் புரியாத இரைச்சல். அடுத்தடுத்த மண்டபத்தில் இரண்டு கல்யாணம் நடந்து, இரண்டு நாதஸ்வரமும் ஒன்றாகக் கேட்டால் எப்படி? மாமாவை 11-க்கு மாற்றிவிட்டேன். நான் 1-க்குப் போனேன். எங்கள் ரவுட்டருக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

தலையை மட்டும் எண்ணாதீர்கள், பலத்தையும் பாருங்கள். மைனஸ் 85 என்று காட்டுவது எங்கோ முனகுகிறது, விட்டுவிடலாம். மைனஸ் 45 உங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது. அகலத்தை 40-இல் வைத்திருந்தால் 20 ஆக்குங்கள். 12, 13 நம் நாட்டில் அனுமதி உள்ளவைதான். ஆனால் அமெரிக்காவிலிருந்து வந்த லேப்டாப் கண்ணுக்கு அவை தெரியாமல் போகலாம். அங்கே 11 வரைதான் வழக்கம்.

5 கிகாஹெர்ட்ஸையும் இந்த வாரமே முடிப்பதாகச் சொல்லியிருந்தேன். பார்க்ஸ் இடத்தைத் தின்றுவிட்டது. ஆசிரியர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். ராடார் சத்தம் கேட்டால் ரவுட்டர் சானலைக் காலிசெய்துவிட்டு ஓடும் கதை அடுத்த வாரம். அதற்குள் யார் வீட்டிலாவது ரவுட்டர் மைக்ரோவேவ் தலைமேல் உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து இன்றைக்கே இறக்கிவிடுங்கள்.