ஒரே பார்வையில் தீர்ப்பு!

அநேகமாக எல்லா ஆபீஸிலும் இப்படி ஒருவர் இருப்பார். "புது சட்டை எப்படி சார் இருக்கு?" என்று ஆசையாகக் கேட்டால், "உங்களுக்குப் பொருந்தலை" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொள்வார். மேனேஜர் வந்து, "ஒரு நிமிஷத்துல முடிச்சுடலாம்ல?" என்றால், "முடியாது சார். நாற்பது நிமிஷம் ஆகும்" என்பார். சொன்ன மாதிரியே நாற்பதாவது நிமிஷம் ஃபைல் மேஜைக்குப் போய்விடும். இருந்தாலும் டீக்கடையில் நாம் கூடிப் பேசும்போது அவருக்குப் பெயர் 'திமிர் பிடிச்சவன்'!

இப்படிப் பேசுகிற எல்லோருக்கும் 'அது இருக்கு, இது இருக்கு' என்று நான் சர்ட்டிபிகேட் கொடுக்க வரவில்லை. அது டாக்டர்கள் வேலை. நான் வெறும் பி.காம்.! ஆனால், சிலருக்குப் பிறவியிலிருந்தே மூளையின் அமைப்பு அப்படி. பலருக்குச் சாடைப் பேச்சு பிடிபடாது. கண்ணைப் பார்த்துப் பேச வராது.

1944-ல் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்ஜர் என்ற குழந்தை மருத்துவர் இத்தகைய பையன்களைப் பற்றி எழுதினார். 1981-ல் இங்கிலாந்து டாக்டர் லோர்னா விங், அவர் பெயராலேயே 'ஆஸ்பெர்ஜர் சிண்ட்ரோம்' என்றார். (நாஜிகள் காலத்தில், ஊனமுற்ற குழந்தைகளைக் கொன்ற இடத்துக்கு அந்த மனிதரே சில குழந்தைகளை அனுப்பியது 2018-ல் ஆதாரத்தோடு வெளிவந்து பெயர் நாறியது தனிக் கதை.) 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் அந்தப் பெயரை எடுத்துவிட்டு, ஆட்டிசத்தோடு சேர்த்துவிட்டார்கள்.

சரி, மற்றவர்கள் இவர்களை எப்படி நடத்துகிறார்கள்? அமெரிக்காவில், டெக்ஸஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பங்கெடுத்து 2017-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்கள் பேசுவதைச் சில விநாடிகள் மட்டும் வீடியோவில் காட்டி, 'இவர் பக்கத்தில் உட்காருவீர்களா? பேச்சுக் கொடுப்பீர்களா?' என்று கேட்டார்கள். மற்றவர்களுக்குப் போட்டதைவிட மார்க் குறைவு. குரலை மட்டும் கேட்டவர்களும் அப்படியே! கடைசியில், அதே பேச்சை எழுத்தில் படிக்கக் கொடுத்தார்கள். வித்தியாசம் காணாமல் போய்விட்டது!

கவனியுங்கள், சொன்ன விஷயத்தில் ஒரு குறையும் இல்லை. கண் எங்கே பார்த்தது, குரல் ஏன் ஏறி இறங்கவில்லை... இதற்குத்தான் மார்க்கைக் குறைத்திருக்கிறார்கள். நேரில் திணறுகிற சிலர் எழுத்தில் மட்டும் வெளுத்துக் கட்டுகிறார்களே, அதற்குக் காரணம் இதில் கொஞ்சம் இருக்கிறது என்பது என் கட்சி.

டேமியன் மில்டன் என்ற இங்கிலாந்து ஆராய்ச்சியாளர், அவருக்கே ஆட்டிசம் உண்டு, 2012-லேயே இதைப் பிடித்துவிட்டார். அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்பது பாதிதான். நமக்கும் அவர்களைப் புரியவில்லை என்றார். காமர்ஸ்காரனுக்கு இது சட்டென்று விளங்கும். டபுள் என்ட்ரி சார்! நாம் ஒரு பக்கம் மட்டும் எழுதிவிட்டு, கணக்கு டேலி ஆகவில்லை என்று அவர் தலையில் பழியைப் போடுகிறோம்.

2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அரசு வேலைகளில் அவர்களுக்கு 4 சதவீதம் ஒதுக்கீடு. அதில் 1 சதவீதம், ஆட்டிசமும் அடங்கிய பிரிவுகளுக்கு. ஆகவே நாளைக்கே உங்கள் பக்கத்து சீட்டுக்கு ஒருவர் வரலாம். அவரிடம் "டைம் கிடைச்சா பாருங்க" என்று இழுக்காதீர்கள். 'வியாழன் மூன்று மணிக்குள் வேண்டும்' என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். "சாப்பிட வாங்களேன்" என்று சும்மா மரியாதைக்குச் சொன்னால், நிஜமாகவே டிபன் பாக்ஸோடு வந்து உட்கார்ந்துவிடுவார். உட்காரட்டுமே! உங்கள் வீட்டு ரசத்தில் உப்பு கம்மி என்று முகத்துக்கு நேரே சொல்வார். அதை மட்டும் வீட்டில் போய்ச் சொல்லாதீர்கள்.