‘ஜங்கிள்’ என்னும் சொல்

மரஞ்செறிந்து, கொடி பின்னி, கதிரொளியும் புகவொண்ணாத ஈரப் பெருங்காட்டை ஆங்கில மொழியார் ‘ஜங்கிள்’ என்பர். நம் மாணவரும் அச்சொல்லைக் கண்டவுடன் ‘மழைக்காடு’ எனப் பெயர்த்தெழுதுவதை யாம் காண்கின்றோம். ஆயின், அச்சொல்லின் பிறப்பை ஆராய்வோமாயின், அதன் முதற்பொருள் இதற்கு முற்றும் மாறானதென்பது புலனாகும்.

வடமொழி ‘ஜாங்கலம்’ என்பதே இதன் மூலம். சரகர், சுச்ருதர் பெயரால் வழங்கும் ஆயுர்வேத நூல்கள் நிலத்தை மூவகையாகப் பகுக்கின்றன. நீரும் மரமும் அருகிய வறள்நிலம் ஜாங்கலம். நீர் மிக்க சதுப்புநிலம் ஆனூபம். இரண்டும் விரவியது சாதாரணம். ஜாங்கலம் இந்தி முதலிய மொழிகளில் ‘ஜங்கல்’ எனத் திரிந்து, உழப்படாத புதர்நிலத்தையும் காட்டையும் குறித்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்திற் புகுந்தபின், நாளடைவில் ஈரக்காட்டிற்கும் பெயராயிற்று. வறட்சியைச் சுட்டிய சொல் மழைவளத்தைச் சுட்டலாயிற்று!

‘மழைக்காடு’ என்பதோ வேறு வழியில் வந்தது. ஜேர்மானியத் தாவரவியலறிஞர் சிம்பர் 1898இல் வெளியிட்ட நூலில் மழை, காடு என்னும் பொருளுடைய இரு சொற்களை இணைத்து வழங்கினார். அதுவே ஆங்கிலத்திலும் தமிழிலும் பெயர்க்கப்பட்டது.

நம் துறைமுகத்தைச் சூழ்ந்த காடுகள் எவ்வகையின? திருகோணமலையில் ஆண்டிற்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்யினும், அதன் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்ததே. கச்சான் வீசும் மாதங்களில் நிலம் வறள்கின்றது. பாலையும் வீரையும் முதிரையும் கருங்காலியும் அவ்வறட்சியைத் தாங்கி நிற்பன. ஆகவே இவை உலர்வலயக் காடுகள். மழைக்காட்டைக் காண விழைவோர் 1988இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட சிங்கராஜ வனத்திற்குச் செல்லல் வேண்டும்.

பெயரில் என்ன உளது என வினவலாம். மழைக்காடென மயங்குவோர், வெட்டினும் அடுத்த மாரியில் தழைத்துவிடுமென எண்ணுவர். கருங்காலியோ மிக மெல்ல வளர்வது. அழித்த இடத்தில் முதலில் எழுவது முட்பற்றையே. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்து பாலையாகுமெனச் சிலப்பதிகாரம் கூறுவதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

ஆதலின் மாணவர்காள், ‘ஜங்கிள்’ என்னும் சொல் எதிர்ப்படும்போது, அவ்விடத்து மழை யாது, மரம் யாது என முதலில் வினவுங்கள். அதன் பின்னரே தமிழ்ப்பெயர் இடுங்கள்.