கடல் வழிவிடும் தீவு



இங்கிலாந்து என்றதும் லண்டன் மாநகரும், தேம்ஸ் நதியும், அரண்மனைகளுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆனால் அந்நாட்டின் வடகிழக்கே, நார்தம்பர்லாண்ட் கடற்கரையை ஒட்டி, லிண்டிஸ்ஃபார்ன் என்றொரு சிறு தீவு உண்டு. அதனைப் ‘புனிதத் தீவு’ என்றும் அழைப்பர். அங்குக் குடியிருப்போர் இருநூறு பேருக்கும் குறைவே. ஆயினும் அதனைக் காண ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் செல்கின்றனர். வாருங்கள், நாமும் சென்று வருவோம்.

கடலே வாயிற்காவலன்

இத்தீவுக்குச் செல்லக் கப்பல் வேண்டாம், பாலமும் இல்லை. 1954-ஆம் ஆண்டு மணல்வெளியின் மீது அமைக்கப்பட்ட ஒரு சாலையே உண்டு. அச்சாலை நாள்தோறும் இருமுறை கடலுக்குள் மூழ்கிவிடுகிறது! சந்திரனும் சூரியனும் ஈர்ப்பதால் கடல்நீர் உயர்வதையும் தாழ்வதையும் பூகோளப் பாடத்தில் ‘ஓதம்’ என்று படித்திருக்கிறோம் அல்லவா? உயர் ஓதத்தின்போது லிண்டிஸ்ஃபார்ன் தீவாகிறது. தாழ் ஓதத்தின்போது கரையோடு சேர்ந்துகொள்கிறது. ஓதம் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி வருவதால், இன்று கடந்த நேரத்தில் நாளை கடக்க முடியாது. ஆகவே கடப்பதற்குரிய நேரங்களை அட்டவணையாக வெளியிடுகின்றனர்.

சாலை ஏற்படுமுன், மணலில் வரிசையாக நட்ட கம்பங்களையே வழிகாட்டியாகக் கொண்டு யாத்திரிகர் நடந்து சென்றனர். இன்றும் பலர் வெறுங்காலுடன் அவ்வழியே நடக்கின்றனர். வழியில் உயரமான கால்களின் மீது சிறு மரக்கூடுகள் நிற்கின்றன. நீரில் சிக்கியவர் ஏறி உயிர் தப்புவதற்கே அவை. ‘இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறதே’ என்று வண்டியை விட்டு அகப்பட்டுக்கொள்வோர் இன்றும் ஆண்டுதோறும் உண்டு.

துறவியரும் ஒரு நூலும்

கி.பி. 635-இல் ஆஸ்வால்டு மன்னரின் அழைப்பின்பேரில், அயோனா தீவிலிருந்து புனித எய்டன் இங்கு வந்து துறவு மடம் நிறுவினார். அவருக்கு அம்மக்களின் மொழி சரிவரத் தெரியாது. அவர் போதிக்க, மன்னரே அருகில் நின்று மொழிபெயர்த்தார் என்று வரலாறு கூறுகிறது.

ஏறத்தாழ கி.பி. 700-இல் இம்மடத்தின் ஆயர் ஈட்ஃபிரித் நான்கு நற்செய்திகளையும் கன்றுத்தோலில் தம் கைப்பட எழுதி, வண்ணக்கோலங்களால் அணிசெய்தார். பத்தாம் நூற்றாண்டில் ஆல்டிரெட் என்னும் குரு, இலத்தீன் வரிகளுக்கிடையே பழைய ஆங்கிலத்தில் பொருள் எழுதிச் சேர்த்தார். ஆங்கில மொழியில் இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய நற்செய்தி மொழிபெயர்ப்பு அதுவே. இந்நூல் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது.

793-இல் வைக்கிங் கடற்கொள்ளையர் மடத்தைச் சூறையாடினர். 875-இல் துறவியர் தீவைவிட்டு வெளியேறினர். இன்று நாம் காணும் சிவந்த கற்சுவர்கள், பன்னிரண்டாம் நூற்றாண்டில் மீண்டும் எழுப்பப்பட்ட மடத்தின் இடிபாடுகள். கூரை வீழ்ந்த பின்னும் ஒற்றை வளைவு ஒன்று வானவில்போல் நிற்கிறது.

அருகே கரும்பாறையின் மீது ஒரு கோட்டை தெரிகிறது. பதினாறாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அதனை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இல்லமாக மாற்றி அமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். நம் புதுடில்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையை வடிவமைத்த அதே லட்யன்ஸ்தான்! கோட்டையைத் தாங்கும் பாறையோ, சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் உருகி ஓடிய குழம்பு இறுகியதால் உண்டானது.

பறவைகளின் இராச்சியம்

அதே பாறை கடலுக்குள்ளும் தொடர்ந்து, ஃபார்ன் தீவுக்கூட்டமாகத் தலைநீட்டுகிறது. சீஹவுசஸ் என்னும் மீன்பிடி ஊரிலிருந்து படகில் செல்லலாம். புனித கத்பர்ட் அங்கே தனிமையில் செபத்தில் வாழ்ந்து, 687-இல் உயிர்நீத்தார். அங்கிருந்த வாத்துகளுக்கு அவர் அடைக்கலம் அளித்தார் என்பது மரபு. அதனால் அவ்வாத்துகள் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன.

கோடையில் வண்ண அலகுடைய பஃபின் பறவைகள் ஆயிரமாயிரமாய் வந்து, மண்ணில் வளை தோண்டி முட்டையிடுகின்றன. ஆர்க்டிக் ஆலாக்களோ, தம் கூட்டருகே வருவோர் தலையில் கொத்தும், தொப்பி அவசியம்! 2022-இல் பறவைக் காய்ச்சலால் ஆயிரக்கணக்கான பறவைகள் மடிந்தன. பயணிகள் கரையிறங்குவதும் தடைசெய்யப்பட்டது. மீண்டும் 2024-இல் அனுமதித்தனர். நாம் காணச் செல்லும் அழகு, நாம் விலகி நின்றால்தான் பிழைக்கும் என்பதை அந்நாள்கள் உணர்த்தின.

கலங்கரை விளக்கத்துப் பெண்

இத்தீவுகளில் ஒன்றான லாங்ஸ்டோனில் செந்நிறமும் வெண்ணிறமும் தீட்டிய கலங்கரை விளக்கம் உண்டு. அதன் காவலரின் மகள் கிரேஸ் டார்லிங். 1838 செப்டம்பர் 7-ஆம் நாள் விடியுமுன், கடும் புயலில் ஃபோர்ஃபார்ஷயர் என்னும் நீராவிக் கப்பல் பாறையில் மோதிப் பிளந்ததைச் சன்னல் வழியே கண்டாள். தந்தையும் மகளுமாகச் சிறு படகில் ஏறி, காற்றுக்கு ஒதுங்கி, ஏறத்தாழ ஒரு மைல் சுற்றித் துடுப்பு வலித்தனர். தந்தை பாறையில் குதித்து இறங்கியபோது, கொந்தளிக்கும் அலைகளில் படகு மோதிச் சிதறாமல் தனியாகப் பிடித்து நிறுத்தியவள் கிரேஸ். அந்தத் துடுப்பு நழுவியிருந்தால் பாறைமேல் இருந்தோருக்கும் மீட்சியில்லை, தந்தைக்கும் மீட்சியில்லை. ஒன்பது பேர் இருமுறையாகக் காப்பாற்றப்பட்டனர். அவர்களுள் ஒரு தாயின் இரு குழந்தைகளோ முன்னமே அவள் கைகளிலேயே இறந்திருந்தனர்.

கிரேஸுக்கு அப்போது வயது 22. வெள்ளிப்பதக்கமும் நாடெங்கும் புகழும் அவளைத் தேடி வந்தன. ஆனால் 1842-இல், 26 வயதிலேயே காசநோயால் மறைந்தாள். அவள் பிறந்த பாம்பரோ கிராமத்தில் அவளுக்கென ஒரு காட்சிச்சாலை உள்ளது.

தோழியரே! வாய்ப்புக் கிட்டி அங்குச் செல்வோர், பஃபின்களைக் காண விரும்பினால் மே, சூன் மாதங்களில் செல்லுங்கள். சாம்பல்நிறச் சீல்களின் வெண்ணிறக் குட்டிகளைக் காண இலையுதிர்காலத்தில் செல்லுங்கள். எப்போது சென்றாலும் ஓத அட்டவணையை முதலில் பாருங்கள். கடல் யாருக்காகவும் காத்திராது. ஆனால் கடலில் தவிப்பவருக்காகப் படகை எடுக்கும் நெஞ்சம் வேண்டும். அந்நெஞ்சம் ஒரு பெண்ணிடம் இருந்தது, நம்மிடமும் இருக்கட்டும்!