1937 தேர்தல்: கலர் பெட்டியில் ஓட்டு... ஆனால் எல்லோருக்கும் இல்லை! ஏன்?

ஓட்டுப்பதிவு நாள் என்றால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் சம்பளத்தோடு லீவு. ஆனால் 1937 பிப்ரவரியில் சென்னை மாகாணத் தேர்தல் நடந்தபோது, இதே மண்ணில் பலருக்கு ஓட்டே கிடையாது!

யாருக்கு ஓட்டு?

அப்போது ஸ்ரீபெரும்புதூர், விவசாயத்தை நம்பியிருந்த செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். 21 வயது ஆனால் மட்டும் போதாது. சொத்து, வரி, படிப்பு என ஏதாவது ஒரு தகுதி வேணும். நிலமில்லாத, எழுதப் படிக்கத் தெரியாத கூலித் தொழிலாளிக்குப் பெரும்பாலும் ஓட்டு இல்லை. மாகாணம் முழுக்க வாக்காளர்கள் சுமார் 60 லட்சம் பேர்தான். மொத்தம் 215 இடங்களில் தொழிலாளர்களுக்கு என ஒதுக்கியது வெறும் 6.

எப்படி ஓட்டு போட்டாங்க?

ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு கலர் பெட்டி. சீட்டை அதில் போட்டால் போதும், பெயரைப் படிக்கத் தேவையில்லை. காங்கிரஸுக்கு மஞ்சள் பெட்டி.

கிரீஸ் நாட்டிலும் 1920 தேர்தல் வரை இதுபோல ஒரு முறை இருந்தது. அங்கே வேட்பாளருக்கு ஒரு பெட்டி, அதில் இரண்டு பக்கம். வெள்ளைப் பக்கம் ஈயக் குண்டு விழுந்தால் ஆதரவு, கறுப்புப் பக்கம் விழுந்தால் எதிர்ப்பு.

முடிவு என்ன?

காங்கிரஸ் 159 இடங்களைப் பிடித்தது. 1920 முதல் பெரும்பாலான ஆண்டுகள் ஆட்சியில் இருந்த நீதிக்கட்சி படுதோல்வி. முதல்வர் பொப்பிலி ராஜாவே, பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி.கிரியிடம் தோற்றார். 1920-ல் கிரீஸ் பிரதமர் வெனிசெலோஸும் இப்படித்தான் சொந்தத் தொகுதியைப் பறிகொடுத்தார். ஜூலை 14-ல் ராஜாஜி ஆட்சி அமைத்தார்.

இன்றைக்கு என்ன உரிமை?

1951-52 பொதுத் தேர்தலில்தான் 21 வயதான எல்லோருக்கும் ஓட்டு கிடைத்தது. 1989-ல் வயது வரம்பு 18 ஆனது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவுப்படி, வாக்குரிமை உள்ள தொழிலாளிக்கு அன்று சம்பளத்தோடு விடுமுறை தரணும். தினக்கூலிக்கும் அன்றைய கூலி உண்டு. வேலைக்கு வராவிட்டால் ஆபத்தோ பெரும் நஷ்டமோ ஏற்படும் பணிகளுக்கு மட்டும் விலக்கு.

வெளியூரிலிருந்து வந்து தங்கி வேலை பார்க்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: உங்கள் பெயர் எந்த ஊர்ப் பட்டியலில் இருக்கோ, அங்கேதான் ஓட்டு. தேர்தல் அறிவிப்புக்கு முன்பே சரிபார்த்துக்குங்க.