எப்படி இயங்குகிறது? தேங்காய் எண்ணெய்

ஸ்ரீபெரும்புதூரில் போன், இருங்காட்டுக்கோட்டையில் கார், ஒரகடத்தில் லாரியும் பைக்கும் என்று எதையும் உதிரி உதிரியாகச் சேர்த்துப் பூட்டுகிற வட்டாரம் இது. ஷிஃப்ட் முடிந்து அறைக்குத் திரும்புகிறவர்கள் மளிகைக் கடையில் எண்ணெய் அலமாரி முன்னால் நிற்கும்போது இந்தியா முழுவதும் அங்கே நிற்கும். ஒடிசாக்காரருக்குக் கடுகெண்ணெய், ஈரோட்டுக்காரருக்குக் கடலை எண்ணெய், உள்ளூர்க் குடும்பத்துக்குச் சூரியகாந்தி பாக்கெட், நாகர்கோவில்காரருக்கும் மலையாளிக்கும் தேங்காய் எண்ணெய். இதில் தேங்காய் எண்ணெய்க்கு மட்டும் ஒரு தனிக் குழப்பம் உண்டு. தலைக்கா, சட்டிக்கா?

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. சின்ன பாட்டிலில் விற்கும் சுத்தமான தேங்காய் எண்ணெயைத் தலை எண்ணெய் என்று கணக்கிட்டு வரி போட வேண்டும் என்றது கலால் துறை. சேலம் கலால் ஆணையர் தொடுத்த அந்த வழக்கில் 2018-ல் இரண்டு நீதிபதிகள் இரு வேறு தீர்ப்பு எழுதினார்கள். பிறகு 2024 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு முடித்துவைத்தது: பாட்டில் சின்னது என்பதால் அது தலை எண்ணெய் ஆகிவிடாது, லேபிளில் அப்படிச் சொல்லாதவரை அது சமையல் எண்ணெய்தான். எனவே கடையில் முதலில் பார்க்க வேண்டியது பாட்டிலின் அளவை அல்ல. சமையல் எண்ணெய் என்ற வார்த்தையும் 14 இலக்க உணவு உரிம எண்ணும் லேபிளில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சரி, இனி பிரித்துப் போட்டுப் பார்க்கலாம்.

கம்பெனி வாசல் டீக்கடையிலிருந்து டீ எடுத்துப்போகும் கம்பி ஸ்டாண்டைப் பார்த்திருப்பீர்கள். அதில் மூன்று எவர்சில்வர் டம்ளர்கள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சமையல் எண்ணெயும் இப்படிப்பட்ட கோடானுகோடி ஸ்டாண்டுகளின் குவியல்தான். கம்பிக்குக் கிளிசரால் என்று பெயர், டம்ளருக்குக் கொழுப்பு அமிலம் என்று பெயர். ஸ்டாண்டு எல்லா எண்ணெயிலும் ஒன்றே. வித்தியாசமெல்லாம் டம்ளரில் இருக்கிறது: உயரம் எவ்வளவு, நேராக நிற்கிறதா, இடுப்பில் நசுங்கியிருக்கிறதா.

கடலை எண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் பெரும்பாலும் 18 கார்பன் உயர நெட்டை டம்ளர்கள். அவற்றில் நிறைய, நடுவில் நசுங்கி வளைந்தவை. அந்த நசுங்கலுக்குத்தான் நிறைவுறாக் கொழுப்பு என்று பெயர். தேங்காய் எண்ணெயிலோ 100-க்கு 90 டம்ளர்கள் நசுங்காதவை, அதாவது நிறைவுற்றவை. உயரமும் குறைவு. கிட்டத்தட்டப் பாதி, 12 கார்பன் உயரமுள்ள லாரிக் அமிலம். அதைவிடக் குட்டையான 8, 10 கார்பன்காரர்களும் கொஞ்சம் உண்டு.

நேரான டம்ளர்களை நெருக்கி அடுக்குவது சுலபம். அதனால்தான் வெப்பம் சுமார் 24 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைகிறது. மார்கழி விடியலில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் சொட்டு விழாமல் இருப்பது இந்த அடுக்கினால்தான். அதே எண்ணெய் சித்திரையில் தண்ணீராய் ஓடும். ‘உறையவே இல்லை, கலப்படம்’ என்று கோடையில் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

அடுத்து, இந்த டம்ளர்கள் எங்கே கீழே விழுகின்றன என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் தேங்காய் எண்ணெய் என்றால் காங்கேயம், வெள்ளகோவில், முத்தூர் பக்கம்தான் முதலில் நினைவுக்கு வரும். அவல்பூந்துறையிலும் பெருந்துறையிலும் கொப்பரை ஏலம் நடக்கிறது. தேங்காயை உடைத்துக் களத்தில் காயவைக்கிறார்கள். பச்சைப் பருப்பில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை 6 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். இந்த ஒரு படியில்தான் எண்ணெயின் தலையெழுத்தே இருக்கிறது. ஈரம் தங்கினால் பூஞ்சை வரும். பூஞ்சையின் நொதியும் ஈரமும் சேர்ந்து ஸ்டாண்டிலிருந்து டம்ளர்களை ஒவ்வொன்றாகத் தட்டிவிடும். இப்படித் தனியே உருளும் டம்ளர்தான் பழைய எண்ணெயில் நாக்கில் படும் அந்தச் சோப்புச் சுவை. மழைக் காலத்தில் பூஞ்சைக்குப் பயந்து கொப்பரைக்குக் கந்தகப் புகை போடுகிறவர்களும் உண்டு. பருப்பு பளிச்சென்று வெளுப்பாக இருக்கும், அவ்வளவுதான். பளிச்சென்ற வெள்ளையைத் தரம் என்று நம்புவதை நாம் நிறுத்தினால் அந்தப் புகைக்கும் வேலை குறையும்.

காய்ந்த கொப்பரை பிறகு மரச்செக்குக்கோ எக்ஸ்பெல்லருக்கோ போகிறது. செக்கில் சூடு குறைவு, வாசனை கூடுதலாகத் தங்கும். எக்ஸ்பெல்லரில் சூடு அதிகம், எண்ணெயும் அதிகம் கிடைக்கும். ரீஃபைண்ட் என்றால் அதற்குப் பிறகு நிறத்தை நீக்கி, மணத்தை ஆவி காட்டி எடுத்துவிட்டார்கள் என்று பொருள். செக்கு என்று எழுதிய பலகை நல்ல கொப்பரைக்கு உத்தரவாதம் அல்ல. கெட்ட கொப்பரையைச் செக்கில் ஆட்டினால் செக்கில் ஆட்டிய கெட்ட எண்ணெய்தான் வரும்.

இப்போது அசலா என்று கண்டுபிடிக்கும் வேலை. முதல் சோதனைக்கு மூக்கு வேண்டாம், மனக்கணக்கு போதும். நல்ல கொப்பரையில் 100-க்கு 63 பங்கு போல எண்ணெய் இருக்கும். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 915 கிராம். அப்படியானால் லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ கொப்பரை, அதாவது பத்துக் காய் வேண்டும். 2025 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை, அரவைக் கொப்பரை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். சந்தை விலை அந்த ஆண்டு அதைத் தாண்டி எங்கோ போனது. போகட்டும், ஆதரவு விலையிலேயே வாங்கியதாக வைத்தாலும் ஒரு லிட்டருக்குக் கொப்பரை மட்டும் 170 ரூபாய்க்கு நெருக்கமாக வரும். புண்ணாக்கை விற்றுச் சில ரூபாய் திரும்பலாம். ஆட்டுகூலி, பாட்டில், லாரி வாடகை, கடைக்காரர் பங்கு எல்லாம் அதற்கு மேலே. பிறகு ஒருவர் லிட்டர் 150-க்குத் தருகிறார் என்றால் அவர் நஷ்டத்துக்கு வியாபாரம் செய்கிறார், அல்லது பாட்டிலில் இருப்பது வேறு.

இரண்டாவது, ஃப்ரிஜ் சோதனை. உணவுப் பாதுகாப்பு ஆணையமே வீட்டுக்குச் சொல்லித்தரும் முறை இது. கண்ணாடி டம்ளரில் எண்ணெயை ஊற்றி ஃப்ரிஜ்ஜில் 30 நிமிடம் வையுங்கள். ஃப்ரீஸரில் வைக்கக் கூடாது. தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். வேறு எண்ணெய் கலந்திருந்தால் அது உறையாமல் தனி அடுக்காக நிற்கும்.

ஆனால் இந்தச் சோதனையை ஏமாற்றத் தெரிந்த ஒரு உறவுக்காரர் இருக்கிறார்: பனைக்கொட்டை எண்ணெய். பாமாயில் செம்பனைப் பழத்தின் சதையில் வருவது. இது அதே பழத்தின் கொட்டைக்குள் இருக்கும் பருப்பில் வருவது. இதிலும் பாதி லாரிக் டம்ளர்தான், இதுவும் ஃப்ரிஜ்ஜில் சமர்த்தாக உறையும். ஆகவே இங்கே வீட்டுச் சோதனை கைவிரிக்கிறது, ஆய்வகம்தான் வழி. அங்கே என்ன செய்கிறார்கள்? டம்ளர்களை எண்ணுகிறார்கள்.

முதலில், நசுங்கல்கள் எத்தனை என்று பார்க்க அயோடினைச் சேர்க்கிறார்கள். அயோடின் நசுங்கிய இடத்தில்தான் ஒட்டும். தேங்காய் எண்ணெய்க்கு நம் சட்டம் சொல்லும் அயோடின் மதிப்பு 7.5 முதல் 10. பனைக்கொட்டை எண்ணெய்க்கு அது 14-க்கு மேல் போகும். பின்னர் காரம் சேர்த்து எல்லா டம்ளரையும் ஸ்டாண்டிலிருந்து கழற்றுகிறார்கள். டம்ளர் குட்டையானால் ஒரே எடையில் அதிக ஸ்டாண்டுகள் அடங்கும், எனவே காரமும் அதிகம் செலவாகும். தேங்காய் எண்ணெய்க்கு இந்த எண் 250-க்குக் குறையக் கூடாது. கடைசியாக, நீராவியோடு பறந்துபோகும், ஆனால் தண்ணீரில் கரையாத குட்டை டம்ளர்களை அளக்கிறார்கள். பொலன்ஸ்கி மதிப்பு என்ற அந்த எண் குறைந்தது 13 இருக்க வேண்டும். வெளி எண்ணெயைக் கலந்துவிட்டு இந்த மூன்று எண்ணையும் ஒரே நேரத்தில் ஒப்பேற்றுவது லேசான காரியம் அல்ல.

அசல் எண்ணெய் வீட்டுக்கு வந்துவிட்டது. இனி சட்டி.

எண்ணெய் கெடுவதற்கு ஒரு முக்கியமான வழி, டம்ளரின் நசுங்கலில் காற்று புகுவது. தேங்காய் எண்ணெயில் நசுங்கல் குறைவு என்பதால் சூட்டில் சீக்கிரம் காறாது. நேந்திரங்காய் வறுவலுக்கு அதைப் பிடித்துக்கொண்டிருப்பதில் நியாயம் இருக்கிறது. அதற்காக எவ்வளவு சூட்டையும் தாங்கும் என்று எண்ண வேண்டாம். ரீஃபைண்ட் செய்யாத தேங்காய் எண்ணெய் 175 டிகிரியை ஒட்டியே புகைய ஆரம்பிக்கும், ரீஃபைண்ட் 200-ஐத் தாண்டியும் நிற்கும். பொரிக்கத் தேவைப்படும் சூடோ 170, 180. ஆகவே செக்கு எண்ணெயில் பொரிப்பது காசைப் புகையாக்குவது. அதன் வாசனைச் சரக்கும் சூட்டில் பறந்துவிடும். அவியலை இறக்கிய பிறகு பச்சையாக இரண்டு ஸ்பூன் எண்ணெயும் கறிவேப்பிலையும் சேர்த்து மூடிவைக்கிறார்களே, அதுதான் செக்கு எண்ணெயைச் சரியாகப் பயன்படுத்தும் முறை. தாளிப்புக்கும் நல்லது. கடுகு வெடித்ததும் அடுப்பைக் குறைத்துவிடுங்கள்.

இன்னொன்று. சட்டியில் மிஞ்சிய தேங்காய் எண்ணெயோடு ரேஷன் பாமாயிலைச் சேர்த்துப் பொரித்தால் பொங்கிப் பொங்கி நுரைக்கும். குட்டை டம்ளர் எண்ணெயும் நெட்டை டம்ளர் எண்ணெயும் சூட்டில் சேர்ந்தால் அப்படித்தான். நாலு பேர் சேர்ந்து சமைக்கும் அறையில் நாலு எண்ணெய் இருக்கும். ஒரு சட்டிக்கு ஒரு எண்ணெய் என்று பிரித்துக்கொள்வது எல்லாருக்கும் நல்லது. ஈரக் கரண்டியைப் பாட்டிலுக்குள் விடக் கூடாது என்பதற்கும் காரணம் தெரிந்ததுதான்: தண்ணீர் டம்ளரைத் தட்டிவிடும்.

மிச்சம் இருப்பது உடம்பு. இங்கேதான் விளம்பரமும் விஞ்ஞானமும் பிரிகின்றன. ‘குட்டை டம்ளர், நேராகக் கல்லீரலுக்குப் போய் எரிந்துவிடும், உடம்பில் ஒட்டாது’ என்பார்கள். 8, 10 கார்பன் டம்ளர்களுக்கு அது பொருந்தும். தேங்காய் எண்ணெயில் பாதியாக இருக்கும் 12 கார்பன் லாரிக், பெரும்பாலும் நெட்டை டம்ளர்கள் போகும் சுற்று வழியில்தான் போகிறது. 2020-ல் சர்க்குலேஷன் என்ற மருத்துவ இதழில் வந்த கட்டுரை ஒன்று 16 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. சூரியகாந்தி போன்ற எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் கெட்ட கொழுப்பான எல்டிஎல்லை டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் கூட்டுகிறது என்று தெரிந்தது. நல்ல கொழுப்பையும் 4 மில்லிகிராம் போலக் கூட்டுகிறது. ஆனால் அந்த 4 மில்லிகிராமைக் காட்டி இந்த 10-ஐ மறைக்க முடியாது.

எனவே ஸ்பூன் கணக்கு. நிறைவுற்ற கொழுப்பிலிருந்து வரும் ஆற்றல் ஒரு நாள் மொத்தத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 22 கிராம். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயிலேயே ஏறக்குறைய 12 கிராம் போய்விடும். பால், நெய், தேங்காய்ச் சட்னி, கேன்டீன் வடை எல்லாம் மீதிப் பத்துக்குள் அடங்க வேண்டும். அசல் என்பதால் இந்தக் கணக்கு மாறாது. அசல் எண்ணெயில்தான் இந்த 12 கிராமே முழுசாக இருக்கிறது.

என் கட்சி இதுதான்: அன்றாட வேலைக்குக் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ, வாசனைக்குத் தேங்காய் எண்ணெய், அதுவும் 200 மில்லி பாட்டில். தேங்காய் எண்ணெயில் வளர்ந்த நாக்கு என்றால் ஒரு நாளைக்கு ஒரு மேசைக்கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாங்கும் எண்ணெய் மீது சந்தேகம் இருந்தால் கடைக்காரரிடம் கத்த வேண்டாம். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவின்படி, வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் இருக்கிறது.