வீட்டுக்குள் ஒரு படகு: நமக்கேற்ற துடுப்பு இயந்திரம் எப்படி இருக்கவேண்டும்?

ஆற்றிலும் கடலிலும் ஓடுவதுதான் படகு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சிமெண்டுத் தரையில் ஓட்டுகிற படகும் ஒன்று உண்டு. நகரத்தில் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய்வரும் உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். நீளமாக ஒரு தண்டவாளம். அதன்மேல் முன்னும் பின்னும் உருளும் சிறு இருக்கை. கால்களை வைத்து வாரால் கட்டிக்கொள்ள இரண்டு மிதிகள். சங்கிலியில் பூட்டிய ஒரு கைப்பிடி. கைப்பிடியை இழுத்தால், முன்னால் கூண்டுக்குள் இருக்கும் விசிறிச் சக்கரம் சுழலும். இதுதான் துடுப்பு இயந்திரம்.

"காலையிலிருந்து மத்தியானம் வரை பால்மரத்தைச் சுற்றி வருகிறோம், குலை வெட்டி லோரியில் ஏற்றுகிறோம். எங்களுக்கு எதற்கு ஐயா இந்த இயந்திரம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். காட்டில் உழைப்பவர்களுக்கு இது தேவையில்லை. ஆனால் உங்கள் குடும்பத்தை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மகன் தொழிற்சாலையில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறான். மருமகள் கணினியின் முன்னால். தம்பி பாதுகாவலர். வேலை ஓய்வு பெற்ற அப்பாவும் அம்மாவும் தாமான் வீட்டில் தொலைக்காட்சிக்கு எதிரே. உழைத்த உடம்பு ஓய்ந்த பிறகு இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் வந்து சேர்கின்றன. மலேசியாவின் தேசிய சுகாதார ஆய்வுகளில் இந்தியர்களிடையேதான் இனிப்பு நீர் மிகுதியாகக் காணப்பட்டிருக்கிறது.

நடங்கள் என்கிறார் டாக்டர். முழங்கால் வலிக்கிறதே, எப்படி நடப்பது? இங்கேதான் துடுப்பு இயந்திரம் கைகொடுக்கிறது. உட்கார்ந்தபடி செய்வதால் உடம்பின் பாரம் முழங்காலில் இடிப்பதில்லை. கால், முதுகு, தோள், கை எல்லாம் ஒருசேர வேலை செய்கின்றன. இவ்வளவு நல்ல கருவியை உருவாக்கியவர்களின் மனத்தில் நம் அம்மாவின் உடம்பு இருக்கவில்லை என்பதுதான் குறை. இனி வரப்போகும் இயந்திரம் எப்படி இருக்கவேண்டும் என்று கேட்க நமக்கும் உரிமை உண்டு.

சைக்கிளில் பிறந்தது

தரையில் துடுப்புப் பழகுவது பழைய வழக்கம். கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில், ஏதென்ஸ் நகரத் தளபதி காப்ரியாஸ் கரையில் மரச்சட்டங்களை அமைத்து, புதிய ஆட்களுக்குத் துடுப்பு வலிக்கக் கற்றுக்கொடுத்தார். 1872ஆம் ஆண்டு அமெரிக்காவில் கர்ட்டிஸ் என்பவர் துடுப்பு இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார்.

இன்று உலகெங்கும் காணும் விசிறி இயந்திரத்தின் கதை இன்னும் சுவையானது. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் டிக், பீட் டிரைசிகேக்கர் என்ற சகோதரர்கள் படகுத் துடுப்புகள் செய்து விற்றுவந்தார்கள். குளிர்காலத்தில் ஏரியும் ஆறும் உறைந்துவிடும்; பயிற்சி நின்றுவிடும். ஒரு சைக்கிளைத் தரையோடு ஆணியடித்து நிறுத்தி, அதன் சங்கிலியை உட்கார்ந்து இழுத்துப் பார்த்தார்கள். அந்த யோசனை வளர்ந்து 1981இல் அவர்களுடைய கான்செப்ட் டூ நிறுவனத்தின் முதல் இயந்திரமாக வந்தது. சைக்கிள் சக்கரத்தில் காற்றைத் தள்ளும் தகடுகளைப் பூட்டியதுதான் அதன் விசிறி. ஆக, இது போட்டிப் படகோட்டிகளுக்காகப் போட்டிப் படகோட்டிகள் செய்த கருவி. நீண்ட கால்களும் அகன்ற தோள்களும் உள்ளவர்களுக்குப் பொருந்தியதில் வியப்பில்லை.

காற்றோடு ஒரு கணக்கு

இந்த விசிறியில் ஓர் அருமையான தன்மை உண்டு. நீங்கள் எவ்வளவு பலமாக இழுக்கிறீர்களோ அவ்வளவுதான் அது எதிர்க்கும். மெதுவாக இழுத்தால் இலேசாக இருக்கும். வேகம் கூடக் கூடப் பாரம் மளமளவென்று ஏறும். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் எட்டு மடங்கு சக்தி வேண்டும்.

இயந்திரத்திலுள்ள சிறு கணிப்பான், "500 மீட்டரை எவ்வளவு நேரத்தில் கடப்பீர்கள்" என்று காட்டும். 3 நிமிடம் 20 விநாடி என்று காட்டினால் நீங்கள் செலவிடுவது சுமார் 44 வாட் சக்தி. 1 நிமிடம் 40 விநாடி என்று காட்டினால் 350 வாட்! முன்னது மெதுவாகத் தொடங்குகிற பாட்டியின் வேகம். பின்னது நன்கு பழகிய இளைஞனின் வேகம். இருவரும் ஒரே இயந்திரத்தில், எந்தத் திருகையும் திருப்பாமல் பயிற்சி செய்யலாம். இந்த நல்ல குணத்தைப் புதிய இயந்திரம் எதுவும் இழந்துவிடக் கூடாது. மாறவேண்டியவை வேறு.

உடம்புக்கு ஏற்ற அளவு

பால் வெட்டும் கத்தியைத் தம் கைக்குத் தக்கபடி தீட்டி வைத்துக்கொள்ளாத தொழிலாளி உண்டா? அடுத்தவர் கத்தியில் வெட்டச் சொன்னால் முகம் சுளிப்பார். துடுப்பு இயந்திரத்தில் மட்டும் கருவிக்கேற்ப உடம்பு வளையவேண்டியிருக்கிறது.

இருக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். மிகுதியாக விற்கும் வகையில் அது தரையிலிருந்து 36 சென்டிமீட்டர் உயரம்தான். நம் வீட்டு முக்காலியைப் போல. முழங்கால் வலிக்காரர் உட்காரலாம், எழுந்திருப்பதுதான் பெரும்பாடு. உயரமான கால்கள் கொண்ட வகையில் 51 சென்டிமீட்டர் உண்டு. அது நல்ல முன்னேற்றம். ஆனால் உயரம் ஒரே இயந்திரத்தில், ஒரு நெம்புகோலைத் தள்ளினால் ஏறி இறங்கவேண்டும். பக்கத்தில் பிடித்து எழ ஒரு கைத்தாங்கியும் வேண்டும்.

இருக்கையும் கெட்டி. இருபது நிமிடம் உட்கார்ந்தால் வால் எலும்பு வலிக்கிறது என்பவர்கள் பலர். ஆணின் இடுப்பெலும்பும் பெண்ணின் இடுப்பெலும்பும் ஒரே அமைப்பல்ல. எனவே இரண்டு மூன்று வகை இருக்கைகளைக் கழற்றி மாற்றும் வசதி இருக்கவேண்டும்.

கைப்பிடி இன்னொன்று. சிறிய கைக்குத் தடித்த பிடி விரல்களைச் சோர்வடையச் செய்யும். நேரான ஒரே தடியை இரு கையாலும் பற்றி இழுக்கும்போது மணிக்கட்டு திருகிக்கொள்கிறது. கைகள் இயல்பாகத் திரும்புவதற்கு இடங்கொடுக்கும், மெல்லியதும் தடித்ததுமாகத் தேர்ந்துகொள்ளக்கூடிய பிடி வந்தால் நல்லது.

கால் வாரில் கவனம்

எல்லாவற்றிலும் முக்கியமானது மிதி. இனிப்பு நீர் முற்றியவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும். இறுகக் கட்டிய வார் தோலை உராய்ந்து புண்ணாக்கினாலும் வலி தெரியாது. அந்தச் சிறு புண் பிறகு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் குடும்பங்களில் பலர் கண்ணால் கண்டிருக்கிறோம். ஆகவே வார் அகலமாகவும் மெத்தென்றும் இருக்கவேண்டும். குனியாமல் ஒரு கையால் அவிழ்க்க முடியவேண்டும். அதுவரை, இனிப்பு நீர் உள்ளவர்கள் காலுறையும் மூடிய காலணியும் அணிந்தே பயிற்சி செய்யுங்கள். முடிந்ததும் பாதத்தைப் புரட்டிப் பாருங்கள்.

முதுகைக் காக்கும் அமைப்பு

முதலில் கால்கள் தள்ளவேண்டும். பிறகு முதுகு சாயவேண்டும். கடைசியில் கைகள் மடங்கவேண்டும். திரும்பி வரும்போது இதே வரிசை தலைகீழாக. இதை மாற்றிச் செய்தால் இடுப்பு வலி வரும். கூலிம் ஆனாலும் குளுவாங் ஆனாலும் கூடத்தில் ஆசிரியர் எப்போதும் பக்கத்தில் நிற்பதில்லை. இழுப்பின் பலத்தை வளைகோடாக வரைந்து காட்டும் கணிப்பான்கள் இப்போதே உண்டு. அந்தக் கோட்டைப் படித்துப் பொருள் சொல்ல எத்தனை பேரால் முடியும்? "அவசரப்படாதீர்கள், காலை முழுதும் நீட்டிய பிறகு சாயுங்கள்" என்று தமிழிலும் மலாயிலும் குரல் கொடுக்கும்படி செய்தால் என்ன? கண் மங்கிய பெரியவர்களுக்கும் அது உதவும்.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. தண்ணீரில் ஒருவர் ஓட்டும் பந்தயப் படகின் எடை குறைந்தது 14 கிலோ. கனமான மனிதர் கிட்டத்தட்ட ஓரிடத்தில் இருக்க, இலேசான படகுதான் அவருக்குக் கீழே முன்னும் பின்னும் ஓடுகிறது. தரை இயந்திரத்திலோ மிதி அசையாது. 60 கிலோ உடம்பு முழுதும் ஓடி, நின்று, திரும்பவேண்டும். நிமிடத்துக்கு 25 இழுப்பு என்றால் இருபது நிமிடத்தில் 500 தடவை! மிதிப்பகுதியே நகரும் இயந்திரங்களை நெதர்லாந்தைச் சேர்ந்த கேஸ்பர் ரெக்கர்ஸ் போன்றவர்கள் முன்பே உருவாக்கினார்கள். கான்செப்ட் டூ நிறுவனமும் 2010இல் அப்படி ஒன்றை வெளியிட்டது. அந்த வசதி விலை கூடிய வகைகளோடு நின்றுவிடாமல் எல்லா இயந்திரங்களிலும் வரவேண்டும்.

சத்தமும் இடமும்

விசிறி சுற்றினால் இரைச்சல் எழும். மாடிவீட்டில் இரவு ஷிப்ட் முடித்து ஒருவர் தூங்கும்போது, பக்கத்து அறையில் இதை இழுக்க முடியுமா? தொட்டித் தண்ணீரைக் கலக்கும் வகையில் ஓசை இதமானது. ஆனால் தண்ணீர் கெடாமல் மருந்து மாத்திரை போட்டுப் பார்த்துக்கொள்ளவேண்டும். காந்தத்தால் தடுக்கும் வகையில் ஓசை மிகக் குறைவு. காற்றின் அந்த எட்டு மடங்குக் கணக்கைக் காந்தமும் அப்படியே பின்பற்றுமாறு செய்து, அதை எளிய விலையில் தந்தால் அதுதான் மாடிவீட்டுக்கு உகந்தது.

இடமும் ஒரு பிரச்சினை. 26 கிலோ எடையும் சுமார் 244 சென்டிமீட்டர் நீளமும் உள்ள இயந்திரத்தை, 650 சதுர அடி வீட்டில் எங்கே வைப்பது? இரண்டாகக் கழற்றும் வகைகள் இருக்கின்றன. வயதான ஒரு பெண் தனியாக, குனிந்து தூக்காமல், சுவரோரம் நிமிர்த்தி வைக்க முடிந்தால்தான் அது உண்மையான வசதி.

சைக்கிள் கடையில் பழுதுபார்க்கலாமா?

நம் நாட்டு ஈரக்காற்று இரும்பைத் தின்றுவிடும். வியர்வை உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சங்கிலிக்கு 50 மணி நேரப் பயிற்சிக்கு ஒருமுறை எண்ணெய் இடச் சொல்கிறார்கள். மறந்துவிட்டால் துரு. துருப்பிடிக்காத சங்கிலியோ கெட்டியான வாரோ இருந்தால் கவலை குறையும்.

சைக்கிளிலிருந்து பிறந்த கருவியை, சைக்கிள் கடைக்காரர் பழுதுபார்க்க முடியவேண்டும். உருளைகளும் சங்கிலியும் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும் அளவில் இருக்கட்டும். இப்போது வரும் சில வகைகளில் பெரிய திரை உண்டு. அதற்கு மாதாமாதம் சந்தா கட்டவேண்டும். அழகான ஏரியும் அலையும் திரையில் தெரிவது நல்லதுதான். சந்தா நின்றால் வசதிகளும் நின்றுவிடுமானால், அந்தத் திரைக்குக் கொடுத்த பணம் வீண். திரை இல்லாமலும் முழுதாக வேலை செய்யவேண்டும்.

நாம் இழுக்கும் சக்தியே கணிப்பானுக்கு மின்சாரம் தரட்டும்; இப்போதே சில வகைகளில் அப்படி நடக்கிறது. அதைக் கொண்டு வீட்டு மின்கட்டணம் குறையும் என்று மட்டும் கனவு காணாதீர்கள். 100 வாட் சக்தியில் அரைமணி நேரம் இழுத்து, அதில் பாதி வீணாகாமல் கிடைத்தாலும், 10 வாட் விளக்கு ஒன்று இரண்டரை மணி நேரம்தான் எரியும்.

கேட்டால்தான் கிடைக்கும்

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று அலுத்துக்கொள்ளவேண்டாம். செம்பனைக் குலை வெட்டுபவரின் தோள்வலியைக் குறைக்க, மலேசியச் செம்பனை வாரியம் 'சந்தாஸ்' என்ற மோட்டார் கத்தியை உருவாக்கவில்லையா? உழைப்பவரின் உடம்பை நினைத்துச் செய்த கருவி அது. அதே அக்கறை உடற்பயிற்சிக் கருவிக்கும் வரவேண்டும்.

பல ஆயிரம் வெள்ளி கொடுத்து ஒவ்வொரு குடும்பமும் இதை வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம். தாமான் மண்டபத்திலோ சங்கக் கட்டடத்திலோ ஒன்றிரண்டு இருந்தால் போதும். பொதுப் பணத்தில் வாங்கும்போது பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். உங்கள் குடும்பத்தில் மிகக் குட்டையானவரையும் வயதில் மூத்தவரையும் கடைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்துப் பாருங்கள். அவர்கள் தாமாக எழ முடிகிறதா? வாரைத் தாமாக அவிழ்க்க முடிகிறதா? உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும்? இந்த மூன்றையும் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள். நெஞ்சுவலி, கொதிப்பு உள்ளவர்கள் முதலில் கிளினிக்கில் டாக்டரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

பாலிடெக்னிக்கிலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோ படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. இறுதியாண்டுத் திட்டவேலைக்கு என்ன செய்வது என்று யோசிக்கிறீர்களா? வீட்டில் இருக்கும் பாட்டியின் கால் நீளத்தையும் கை நீளத்தையும் அளந்துகொண்டு, அவர் உட்காரக்கூடிய ஓர் இருக்கையை, அவர் அவிழ்க்கக்கூடிய ஒரு வாரை வரைந்து பாருங்கள். செய்து முடித்ததும் முதலில் பாட்டியையே உட்காரச் சொல்லுங்கள். குறை இருந்தால் அவரே சொல்லிவிடுவார்.